இழுக்காத கயிறு

யோகராசா கிட்டங்கிக் கதவைத் திறந்தபோது காலை வெயில் முதுகில் ஏறத் தொடங்கியிருந்தது. உள்ளே அதற்கு இடமில்லை. ஒல்லாந்தர் காலத்துத் தடித்த சுவர். இருந்த இரண்டு யன்னல்களையும் அவனே சாக்கால் மூடி ஆணி அடித்திருந்தான். வெளிச்சத்தை வெளியே நிறுத்த முடிந்தது, நாற்றத்தை நிறுத்த முடியவில்லை. மன்னார் உப்புக்குளத்திலிருந்த அந்தக் கிட்டங்கியில், கூடப் படிக்கிற பெனடிக்றின் தகப்பன் வருடக்கணக்காகச் சங்கு குவித்து வைத்தவர். ஓட்டுக்குள்ளேயே செத்து அழுகிய சதையின் வாடை சுண்ணாம்புக்குள் ஊறிக் கிடந்தது. சுவரை இடித்தாலும் அது போகாது.

மேசையில் கத்தரிக்கோல், சுரண்டுகிற அலகு, பிலிம் ஒட்டுகிற பசைப் போத்தல், கையால் சுற்றிப் பார்க்கிற சின்னப் பெட்டி. பெட்டியின் கண்ணாடிக்குப் பின்னால் கார் பற்றறியில் எரிகிற ஒரு பல்ப். சுவருக்குச் சுவர் கட்டிய கொடியில், வெட்டிய பிலிம் துண்டுகள் கருவாட்டுக் கீலம் மாதிரித் தொங்கின.

உலகச் சண்டை முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் மன்னாரை விட்டுப் போனபோது ஏலத்துக்கு வந்த சாமான்களில் ஒரு படக் கமெராவும் படம் காட்டுகிற மெசினும் இருந்தன. இரண்டையும் பாடசாலையை நடத்துகிற பாதிரிச் சுவாமி எடுத்தார். வாத்தியார் பயிற்சிக்குப் படிக்கிற மாணவர்கள் மன்னார்க் கடலைப் பற்றி ஒரு படம் எடுக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. எடுத்து முடிந்தது படத்தின் தொடக்கம் மட்டும். அது கொழும்புக்குப் போய்க் கழுவி வரவே மாதங்கள் பிடித்தன. இன்றைக்குப் பொழுதுபட, கொழும்பிலிருந்து வரும் விருந்தாளிகளுக்கு அதைக் காட்டவேண்டும். பிடித்துக்கொண்டால் மிச்சப் படத்துக்கு அவர்கள் பிலிம் கொடுப்பார்கள். யோகராசாவிடம் சுவாமி வேறொன்று சொல்லியிருந்தார்: "தொடக்கத்தை ஒழுங்கா வெட்டி ஒட்டி முடி. தை மாதம் இதே பள்ளிக்கூடத்தில உனக்கு வாத்தியார் வேலை."

அந்த வேலை என்னவென்று யோகராசாவுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு எவனுக்கும் தெரியாது. அவன் தகப்பன் தலைமன்னார்ப் பாலத்தில், கப்பலுக்கும் ரயிலுக்கும் நடுவே மூட்டை சுமக்கிறவன். பிடரியில் முட்டியளவு காய்ப்பு. நிமிர்ந்து படுக்கமுடியாமல் குப்புறப் படுத்தே நித்திரை கொள்கிற மனிதன். வேலை கிடைக்காவிட்டால் அந்தப் பிடரி இருந்த இடத்தில் இவன் பிடரி. வேறு வழி கிடையாது.

பின்னாலேயே வந்த பெனடிக்ற் கதிரையில் காலை நீட்டிப் போட்டபடி சிகரெட் புகைத்துக்கொண்டிருந்தான். படத்தைச் சொல்லிச் சொல்லி எடுத்தவன் அவன்தான்.

"டேய், அந்தக் கைத் துண்டை வெட்டிப் போட்டியா?"

"இன்னும் இல்லை."

"வெட்டு. இண்டைக்குச் சங்குக்காரச் சனம் முழுக்க வருது. மூண்டு விரல்காரன் பிடிச்சதெண்டு சொல்லியிருக்கிறம். திரையில அஞ்சு விரல் வந்தா என்னைப் பாக்கமாட்டாங்கள், உன்னைத்தான் பாப்பாங்கள்."

"பிடிக்கச் சொன்னது நீதானே."

"சொன்னது படத்தில விழேல்ல. பிடிச்சது விழுந்திருக்கு."

சிகரெட்டை வாசற்படியில் நசுக்கிவிட்டுப் பெனடிக்ற் சைக்கிளில் ஏறிப் போனான்.

நடந்தது இதுதான். சங்கு குளிக்கிறவன் கல்லில் கால் வைத்து அடிக்கு இறங்குவான். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மற்ற நுனி வள்ளத்தில் ஒருவன் கையில் இருக்கும். மூச்சு முடியப் போகிறதென்றால் கீழேயிருந்து இரண்டு இழுப்பு வரும். மேலே இருக்கிறவன் கைமாற்றிக் கைமாற்றி இழுத்துத் தூக்கிவிடவேண்டும். அந்தக் கயிற்றை யாருடைய கையிலும் கொடுத்துவிட மாட்டார்கள். பெண்சாதியோடு கூடப்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள். கை தளர்ந்தால் தன் தங்கச்சியின் கழுத்துக் கருகமணி அறுந்துபோகும் என்று தெரிந்தவன் கண்ணயர மாட்டான். பாயிஸ் என்ற குளியாளுக்குக் கயிறு பிடித்தவன் வஸீர். பாயிஸின் மனைவி உம்மு ஸல்மாவின் தமையன். வஸீரின் வலது கையில் மூன்று விரல்தான். மற்ற இரண்டையும் பாலத்தில் பாரந்தூக்குகிற வின்ச் கொண்டுபோய்விட்டது.

படம் எடுத்த அன்று வள்ளத்தில் நான்கு பேர். கயிறு பிடிக்கிற கையைக் கிட்ட வைத்து எடுக்கவேண்டும் என்றான் பெனடிக்ற். "மூண்டு விரலைப் பெரிசாக் காட்டினாச் சனம் சிரிக்கும். யோகராசா, நீ பிடி. உன்ர கை கூலிக் கைதானே, பாக்க அசலா இருக்கும்."

"தம்பி, இது விளையாட்டுச் சாமான் இல்லை," என்றான் வஸீர்.

தண்ணீரில் நின்ற பாயிஸ் பல்லைக் காட்டினான். "விடு மச்சான். நீ பிடிச்சுப் பிடிச்சு எனக்கும் அலுத்துப்போச்சு. இண்டைக்கு வாத்தியார் பிடிக்கட்டும். பிழை விட்டாப் பிரம்பால அடிப்பம்."

படத்தில் விழாமல் வஸீரை வள்ளத்தின் பின் அணியத்தில் பாய்க் குவியலுக்குப் பின்னால் குந்தவைத்தார்கள். பாயிஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினான். சாவி முறுக்கி ஓடவிடுகிற கமெரா அது. முறுக்குத் தீர்ந்து அது நின்ற கையோடு யோகராசாவின் உள்ளங்கையில் இரண்டு இழுப்பு வந்தது.

"இழுக்கிறான்."

"பொறு, பொறு. முறுக்குறன். கயிறு ஆடுறது படத்தில வரவேணும். இன்னொருக்கா இழுப்பான்தானே."

யோகராசா பொறுத்தான். சாவி முறுகிற சத்தம் கேட்டது. பாய்க் குவியலுக்குப் பின்னாலிருந்து வஸீர், "தம்பி, கயிறு ஆடேல்லயோ?" என்று கேட்டான். "இல்லை," என்றான் பெனடிக்ற். பிறகு கமெரா ஓடியது. கயிறு மறுபடி இரண்டு தரம் இழுத்தது. "அசையாத. அப்பிடியே பிடி," என்றான் பெனடிக்ற். இன்னும் ஒருதரம், மெல்ல, குழந்தை சீலையைப் பிடித்து இழுக்கிறதுபோல.

அதன்பிறகு அது வெறுங் கயிறு.

வஸீர் பாய்ந்து வந்து பறித்து இழுத்தபோது பாரம் ஏறவில்லை. கடலடிப் பார்க் கல்லிடுக்கில் பாயிஸின் கால் மாட்டியிருந்தது. வஸீரே குதித்து விடுவித்து மேலே கொண்டுவந்தான். கொண்டுவந்தது மையித்து.

மரண விசாரணையில் மாணவர்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். கயிறு பிடித்தது வஸீர், கவனமில்லாமல் இருந்துவிட்டான். எவனும் சந்தேகப்படவில்லை. வழக்கம் அதுதானே, மைத்துனன்தானே பிடிப்பான். வஸீர் சொன்னதைக் கேட்க ஆளில்லை. எந்த வள்ளமும் அவனை ஏற்றவில்லை. உம்மு ஸல்மா கூடப்பிறந்தவனுக்குக் கதவு திறக்கவில்லை.

ஆனால் அந்த நேரம் கமெரா ஓடியிருந்தது. யோகராசாவின் ஐந்து விரலும் மணிக்கட்டில் கட்டிய கோயில் நூலும் ஆடுகிற கயிறும் பிலிமில் இருந்தன. நூலை அவன் அன்றே அறுத்துப்போட்டான். கையை என்ன செய்வது?

"தம்பி."

வாசலில் வஸீர் நின்றான். வெயிலுக்கு எதிரே நின்றதால் முகம் தெரியவில்லை.

"படத்தில இருக்குத்தானே? நான் அங்க குந்தியிருந்தனான். மெசின் ஓடின சத்தம் கேட்டது."

யோகராசா பசைப் போத்தலின் மூடியைத் திருகினான்.

"கோட்டு வழக்கெண்டு போகமாட்டன். உன்னைப் பிடிச்சுக் குடுக்கவும் மாட்டன். தங்கச்சி நாலு மாச இத்தா இருந்து முடிச்சு இண்டைக்குத்தான் வெளிய வாறாள், புருஷன்ர முகத்தை ஒருக்காப் பாக்க எண்டு. அந்தத் துண்டை அவள் கண்டாப் போதும்."

"வேலை கிடக்கு நானா. பிறகு வாங்கோ."

"பிறகெண்டு ஒண்டு உனக்கு இருக்கு," என்றான் வஸீர். நிழல்போல விலகிப் போனான்.

யோகராசா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். பல்பைப் போட்டுப் பிலிமைப் பெட்டிக்குள் கொடுத்துக் கையால் சுற்றினான். கடல். வள்ளம். பாயிஸ் சிரிக்கிறான், சத்தமில்லாமல். இறங்குகிறான். தண்ணீர் மூடுகிறது. பிறகு கைகள். அவன் கைத் துண்டின் இரண்டு பக்கமும் வெட்டி மண்ணெண்ணெய்த் தகரத்துக்குள் போட்டான். விளிம்பைச் சுரண்டினான், பசை தடவினான், படத்தின் பெயர் எழுதிய துண்டை ஒட்டி அழுத்திப் பிடித்தான். சங்கு நாற்றத்துக்கு மேலால் பசையின் நாற்றம் ஏறியது. ஒட்டுக் காய்ந்ததும் மறுபடி சுற்றிப் பார்த்தான்.

கடல். வள்ளம். பாயிஸ். தண்ணீர்.

கைகள்.

தப்பான துண்டை வெட்டிவிட்டேன் என்று நினைத்தான். தகரத்துக்குள் கையை விட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். வெட்டியது சரியான துண்டுதான். கையும் நூலும் கயிறும் அதில் இருந்தன. ரீலிலும் இருந்தன. திரும்ப வெட்டினான். திரும்ப ஒட்டினான்.

இந்தமுறை கைத் துண்டு முன்னதைவிட நீளமாக வந்தது.

கமெரா எடுக்காத நேரமும் அதில் இருந்தது. சாவி முறுகிக்கொண்டிருந்த நேரம், அவன் பொறுத்துக்கொண்டிருந்த நேரம். எவனும் படம் பிடிக்காத அந்த முதல் இழுப்பு பெட்டிக் கண்ணாடிக்குள் ஆடியது. வெட்டினான். ஒட்டினான். வெட்டினான். தகரம் நிரம்பிப் பிலிம் சுருள் சுருளாக வெளியே வழிந்தது.

விரல் நுனி ஈரமாக இருந்தது. பசை என்று நினைத்து நக்கிப் பார்த்தான்.

உப்பு.

கொடியில் தொங்கிய துண்டுகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு, பிறகு ஒரு சொட்டு. நில மண்ணில் விழுந்த இடமெல்லாம் கறுத்தது. அழுகல் வாடை அடங்கிப் பச்சைக் கடல் மணத்தது, ஆழத்துக் கடல், வெயில் படாத தண்ணீர்.

சுற்றுகிற கைப்பிடியைப் பிடித்தான்.

அது அவன் கைக்குள் இரண்டு தரம் இழுத்தது.

"பாயிஸ்," என்றான். "பெனடிக்ற்தான் பொறுக்கச் சொன்னவன். எனக்கு அப்பன் இருக்கிறான். நான் என்ன செய்ய?"

சொட்டுச் சத்தம் நின்றது. ஆரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிற அமைதி.

மறுபடி இழுத்தது. மெல்ல. குழந்தை சீலையை இழுக்கிறதுபோல.

யோகராசா கைப்பிடியை விட்டான். தகரத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினான். பிலிம் எரியமாட்டேன் என்று முரண்டு பிடித்தது; சுருங்கி உருகிக் கறுத்து, கடைசியில் கட்டியானது. கண் எரிய எரிய நின்று பார்த்தான். திரும்பி வந்து ரீலைச் சுற்றினான். கடல், வள்ளம், பாயிஸ், தண்ணீர், படத்தின் பெயர். ஒட்டு நின்றது. கொடித் துண்டுகள் எலும்புபோலக் காய்ந்திருந்தன. செத்தவனுக்கும் களைப்பு வரும்போல என்று நினைத்துக்கொண்டான். நினைத்தது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, நிறைய நிம்மதியாகவும் இருந்தது.

பொழுதுபடப் பாடசாலை மண்டபத்தில் நிற்க இடமில்லை. விருந்தாளிகளுக்குக் கதிரை, மற்றவர்களுக்குப் பாய். மடத்துக் கன்னியர் இரண்டு படுக்கைச் சீலையைச் சேர்த்துத் தைத்துக் கொடுத்த வெள்ளைத் துணிதான் திரை. வெளியே பட்டாளத்து ஜெனறேற்றர் இரைந்தது. பெண்கள் பக்கத்தில், தலையை மூடிய வெள்ளைச் சீலையோடு, முன்வரிசையில் உம்மு ஸல்மா இருந்தாள். கழுத்தில் கருகமணி இல்லை. பின்வாசலில், உள்ளே வராமல், வஸீர் நின்றான். அவனைச் சுற்றி ஒரு பாயளவு இடத்தைச் சனம் விட்டிருந்தது.

யோகராசா மெசினை ஓடவிட்டான்.

கடல் வந்தபோதே சனம் ஆரவாரித்தது. வள்ளம் வந்தது. பாயிஸ் சிரித்தபோது ஆரவாரம் அறுந்துபோனது. உம்மு ஸல்மாவின் தோள் ஒருதரம் குலுங்கியது. பாயிஸ் மூக்கைப் பொத்தினான், இறங்கினான், தண்ணீர் மூடியது. படத்தின் பெயர் வந்தது. வெள்ளை வெளிச்சம். விருந்தாளிகள் கை தட்டினார்கள். சுவாமி யோகராசாவின் தோளில் தட்டினார். "நல்லாத் தச்சிருக்கிறாய்," என்று காதுக்குள் சொன்னான் பெனடிக்ற்.

யோகராசா விளக்கை நிறுத்தினான். வெளியே எவனோ ஜெனறேற்றரையும் நிறுத்தினான். பெற்றோமக்ஸ் கொளுத்த ஆள் போயிருந்தான். மண்டபம் இருளில் கிடந்தது.

"இன்னும் வரேல்லயே."

உம்மு ஸல்மாவின் குரல்.

"இறங்கினவர் மேல வாறதைக் காட்டுங்கோ."

"அதோட சரி அக்கா," என்றான் பெனடிக்ற். "தொடக்கம் மட்டுந்தான்."

"மேல வராம எப்பிடி முடியும்?"

யோகராசா மெசின்மேல் கை வைத்துப் பார்த்தான். அது நின்றிருந்தது. ரீலில் பிலிம் இல்லை.

திரையில் தண்ணீர் இருந்தது.

விளக்கில்லாமல், சத்தமில்லாமல், சாம்பல் நிறமாகத் தண்ணீர் அசைந்தது. பிறகு ஒரு கயிறு. கயிற்றைப் பிடித்த இரண்டு கை. மண்டபத்து உயரத்துக்கு ஐந்தும் ஐந்துமாகப் பத்து விரல்கள். மணிக்கட்டில் கோயில் நூல்.

கயிறு இரண்டு தரம் இழுத்தது.

கைகள் அசையவில்லை.

"அல்லாஹ்வே," என்றது ஒரு கிழவரின் குரல். "அது வஸீர்ர கை இல்லையே."

கயிறு மறுபடி இழுத்தது. கைகள் அசையவில்லை. உம்மு ஸல்மா எழுந்தாள். பாய்களுக்கு நடுவே நடந்து திரைக்குக் கிட்டப் போனாள். கயிறு இருந்த இடத்தில் இரண்டு கையையும் வைத்தாள். பிடித்தாள். இழுத்தாள். கைமாற்றிக் கைமாற்றி, ஒரு குளியாளின் மைத்துனன் இழுக்கிறமாதிரி. திரை ஆணியோடு கிழிந்து அவள்மேல் விழுந்தது. இருட்டானது.

பெற்றோமக்ஸ் வந்தபோது அவள் நிலத்தில் இருந்தாள். மடியில் வெள்ளைத் துணி குவிந்து கிடந்தது. அதிலிருந்து கடல் தண்ணீர் வழிந்து பாய்களுக்குக் கீழே ஓடியது. வஸீர் வந்து குனிந்தான். அவள் அவனுடைய மூன்று விரல் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"நானா, வா வீட்டை போவம்."

சனம் முழுவதும் யோகராசாவின் கையைப் பார்த்தது. மணிக்கட்டில், நூல் கிடந்த இடத்தில், வெயில் படாத வெளிறிய கோடு இருந்தது.

"என்ன யோகராசா இது?" என்றார் சுவாமி. அவர் விருந்தாளிகளைப் பார்த்தபடி கேட்டார். "மெசினில் பிழையோ?"

வாசலில் வஸீர் திரும்பி நின்றான். கேட்க நின்றான். ஒரே ஒரு சொல், அவ்வளவுதான்.

யோகராசாவுக்குத் தகப்பனின் பிடரி நினைவு வந்தது.

"ஓம் சுவாமி. மெசினில பிழை."

வஸீர் தலையை ஆட்டிக்கொண்டான், எதிர்பார்த்ததுதான் என்பதுபோல. தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு இருட்டுக்குள் இறங்கினான்.

சுவாமி சொன்ன சொல் தவறவில்லை. தை மாதம் யோகராசாவுக்கு வேலை கிடைத்தது. தலைமன்னாரில் தகப்பன் எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்தான். சங்குக்காரர் தங்கள் பிள்ளைகளைப் பாடசாலையை விட்டு நிறுத்திக்கொண்டார்கள். அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மரண விசாரணையில் எழுதியதை ஒருவரும் மாற்றவில்லை.

திரைத் துணியைக் கன்னியர் அலசிப் பிழிந்து பின்முற்றத்துக் கொடியில் போட்டிருந்தார்கள். அது காயவில்லை. மன்னார் வெயிலில், சோளகக் காற்றில், ஒரு கிழமை, ஒரு மாதம், காயவில்லை. மடிக்கவும் முடியாது, எரிக்கவும் மனம் வராது. அப்படியே விட்டுவிட்டார்கள். அதன் கீழே மண்ணில் எப்போதும் ஈரம். காகம்கூட அந்தக் கொடியில் இருப்பதில்லை.

யோகராசாவின் வகுப்பு யன்னல் அந்த முற்றத்தைப் பார்த்திருந்தது.

காற்று முற்றாகச் செத்துப்போன ஒரு மத்தியானம். வேம்பில் ஓர் இலை அசையவில்லை. கரும்பலகையில் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான். துணியின் கீழ் முனை, நிலத்துக்குள்ளிருந்து ஆரோ பிடித்ததுபோல, இரண்டு தரம் இழுபட்டது.

பிள்ளைகள் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள்.

அவன் கைகளைக் கக்கத்துக்குள் செருகிக்கொண்டான். "சொல்லுங்கோ," என்றான். "நிப்பாட்டாம சொல்லுங்கோ."

துணி மறுபடி இழுபட்டது. மெல்ல.